சபரில் பேசும் பேச்சும் அமானிதமே

பொருள் தேடிக் கடல் கடந்து செல்வது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியதன்று. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் நாகூரிலிருந்தும் பாய்மரக் கப்பலேறிச் சென்ற நம் முன்னோர், இலங்கையிலும் பர்மாவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்தார்கள். சென்ற இடமெல்லாம் பள்ளிவாசல் எழுப்பினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று விமானமேறி வளைகுடா நாடுகளுக்குச் செல்கிறார்கள். வெளிநாட்டுப் பயணத்தைச் 'சபர்' என்றும், சென்றவரைச் 'சபராளி' என்றும் நம் வீடுகளில் இன்றளவும் வழங்கும் சொற்கள் அந்த நெடிய வரலாற்றின் அடையாளங்களாகும்.

பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி என்றும், அது மனிதனின் உணவையும் நீரையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்றும், வந்த காரியம் முடிந்ததும் விரைந்து வீடு திரும்ப வேண்டும் என்றும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். வந்த காரியம் முடிவதற்கே இருபது, முப்பது ஆண்டுகள் ஆகிவிடுகிற சபராளியின் நிலையை என்னவென்று சொல்வது?

அவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. பெரும்பாலும் அது வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, அறையிலுள்ளோர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு, துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு, கட்டில்களில் சாய்ந்தபடி பேச்சுத் தொடங்கும். ஊர்ச் செய்தியில் தொடங்கும் பேச்சு, அரைமணி நேரத்தில் உலகச் செய்திக்குத் தாவிவிடும். பாலஸ்தீனம், ஈரான், அமெரிக்கா, எண்ணெய் விலை, டெல்லியின் கொள்கை, தமிழகத் தேர்தல் என்று அந்தச் சிறிய அறையில் உலகம் முழுவதும் வந்து அமர்ந்துகொள்ளும். துபையின் தேராவிலும், ரியாதின் பத்ஹாவிலும், விடுமுறை நாளின் மாலையில் தேநீர்க் கடைகளின் வாசலில் இதே காட்சியைக் காணலாம்.

இதனைச் சிலர் எள்ளி நகையாடுகிறார்கள். "சம்பாதிக்கப் போனவனுக்கு உலக அரசியல் எதற்கு?" என்பது அவர்களின் கேள்வி. வேறு சிலரோ, இப்படி இரவு முழுதும் வாதிடுவதே சமுதாயத்துக்குத் தாம் ஆற்றும் தொண்டு என்று எண்ணி நிறைவடைந்து விடுகிறார்கள். இவ்விரு சாராரின் எண்ணமும் சரியன்று. மார்க்கம் இவ்விடத்தில் நமக்கு ஒரு நடுவழியைக் காட்டுகிறது.

உலகச் செய்தி வீண்பேச்சா?

உலக நடப்பைப் பற்றிப் பேசுவது முஸ்லிமுக்கு ஆகாத செயல் என்று கூறிவிட முடியாது. மக்காவில் முஸ்லிம்கள் ஒரு கையளவே இருந்து, இன்னல்களுக்கு ஆளாகியிருந்த காலத்திலேயே, தொலைதூரத்தில் ரோமருக்கும் பாரசீகருக்கும் நடந்த போரைப் பற்றி அந்நகரத்தில் பேச்சு நடந்தது. 614ஆம் ஆண்டில் ஜெரூசலம் நகரம் பாரசீகரிடம் வீழ்ந்தது. நெருப்பை வணங்கிய பாரசீகர் வென்றதைக் கண்டு மக்காவின் சிலை வணக்கத்தார் மகிழ்ந்தனர். வேதம் அருளப்பெற்ற ரோமர் தோற்றது கண்டு முஸ்லிம்கள் வருந்தினர். அப்போது அருளப்பெற்றதே 'அர்ரூம்' எனும் அத்தியாயம். தோற்றவர் சில ஆண்டுகளுக்குள் மீண்டும் வெல்வர் என்று அது முன்னறிவித்தது. ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் இதனை நம்பிக் குறைஷியருடன் பந்தயமே கட்டினார்கள். சூதாட்டம் தடுக்கப்படுவதற்கு முந்தைய நிகழ்ச்சி அது. பின்னர் ரோமர் வென்றார்கள். 627ஆம் ஆண்டின் நினிவேப் போர் அவ்வெற்றியை உறுதி செய்தது. உலகச் செய்தியைக் கவனிப்பதே பிழையாக இருந்திருக்குமானால், அருள்மறையின் ஓர் அத்தியாயம் அச்செய்தியோடு தொடங்கியிருக்குமா?

நம் முன்னோரும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். 1887ஆம் ஆண்டில் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார ஏட்டைத் தொடங்கினார்கள். பிழைக்கச் சென்ற இடத்தில் தமிழர்கள் உலக நடப்பைத் தம் தாய்மொழியில் அறிய வேண்டும் என்ற வேட்கை, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதற்கு அந்த ஏடே சான்று.

மேலும், சபராளியின் சோற்றுத் தட்டுக்கும் உலக அரசியலுக்கும் நேரான தொடர்பு உண்டு. 1973 அக்டோபரில் நடந்த அரபு - இஸ்ரேல் போரையொட்டி, அதுவரை பீப்பாய்க்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த எண்ணெய் விலை, 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 11 டாலரைக் கடந்தது. அந்தச் செல்வத்தால் சாலைகளும் துறைமுகங்களும் மாளிகைகளும் எழுந்தன. அவற்றைக் கட்ட ஆள் தேவைப்பட்டது. நம் தெருக்களிலிருந்து இளைஞர்கள் புறப்பட்டது அதனால்தான். 1986ஆம் ஆண்டு முதல் சவூதி ரியால், ஒரு டாலருக்கு 3.75 என்ற அளவில் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. எனவே டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால் ஊருக்கு வரும் தொகை கூடுகிறது; உயர்ந்தால் குறைகிறது. 2025 ஜூன் 23 அன்று இரவு, கத்தாரிலுள்ள அல்உதைத் படைத்தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியபோது, கத்தாரும் அண்டை நாடுகள் சிலவும் தம் வான்வழியைச் சில மணி நேரம் மூடிவிட்டன. விடுமுறைக்குப் பெட்டி கட்டி விமான நிலையம் சென்றவர்கள் வழியிலேயே தவித்தார்கள். இத்தகையவரிடம் போய், "உலக அரசியல் உனக்கெதற்கு?" என்று கேட்பது அறியாமையேயன்றி வேறில்லை.

எனவே, பேசலாமா கூடாதா என்பதன்று கேள்வி. எப்படிப் பேசுவது என்பதே கேள்வி.

நைல் நதியை நீந்திய இளைஞர்

இக்கேள்விக்கு விடை தேடுவோர், இஸ்லாமிய வரலாற்றின் முதல் அயலக வாசிகளான அபிசீனியா முஹாஜிர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மக்காவின் கொடுமை தாங்காது 615ஆம் ஆண்டு முதல் அணியணியாக அபிசீனியாவுக்குச் சென்ற அந்த நபித்தோழர்கள், கிறிஸ்தவ மன்னர் நஜாஷியின் நாட்டில் அமைதியாக வாழ்ந்தார்கள். தொழுவதற்குத் தடையில்லை, துன்புறுத்துவாரில்லை. இந்நிலையில் நஜாஷியின் ஆட்சியைக் கைப்பற்ற ஒருவன் படையோடு கிளம்பினான். இரு படைகளும் நைல் நதியின் மறுகரையில் மோதவிருந்தன.

அப்போது தாங்கள் அடைந்த கவலைக்கு ஈடான கவலையைத் தாங்கள் அறிந்ததில்லை என்று, பின்னாளில் நபிகளாரின் துணைவியாரான அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் விவரிக்கிறார்கள். புதிதாக வருபவன் நஜாஷியைப் போல் தங்கள் உரிமையை மதிப்பானோ மாட்டானோ என்ற அச்சம்! பிழைக்கச் சென்ற நாட்டில் ஆட்சி ஆடும்போது சபராளியின் நெஞ்சு எப்படி ஆடும் என்பதை, அன்னையார் தம் அனுபவத்தால் அறிந்து உரைக்கிறார்கள்.

அந்த நிலையில் அவர்கள் என்ன செய்தார்கள்? கூடிப் பேசினார்கள். "போர்க்களம் சென்று உண்மைச் செய்தியை அறிந்து வருபவர் யார்?" என்று கேட்டார்கள். அவர்களுள் வயதில் மிக இளையவரான ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் முன்வந்தார்கள். தோல் பை ஒன்றில் காற்றை நிரப்பி அவர்களுக்குக் கொடுத்தார்கள். அதனை மார்பில் அணைத்துக்கொண்டு அந்த இளைஞர் ஆற்றை நீந்திக் கடந்து போர்க்களத்தை அடைந்தார். இக்கரையில் இருந்தவர்களோ, தங்களுக்கு அடைக்கலம் தந்த மன்னருக்கு வெற்றியை வேண்டி அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். பின்னர் ஸுபைர் (ரலி) அவர்கள் தம் ஆடையை வீசிக் காட்டியபடி திரும்பி வந்து, நஜாஷி வென்றுவிட்டார் என்ற நற்செய்தியைச் சொன்னார்கள்.

இந்நிகழ்ச்சியில் மூன்று படிப்பினைகள் பொதிந்திருக்கின்றன. ஒன்று, அவர்கள் ஊகத்தின் பேரில் பேசவில்லை. ஆளனுப்பி உண்மையை அறிந்தார்கள். இரண்டு, சோறிட்ட நாட்டின் நலத்துக்காக மனமார வேண்டினார்கள். மூன்று, அந்தக் கவலை அவர்களைப் பிரிக்கவில்லை; அவர்களை ஒன்றுசேர்த்தது. இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு நம் பேச்சை உரசிப் பார்ப்போம்.

காதில் விழுந்ததெல்லாம் செய்தியாகுமா?

ஸுபைர் (ரலி) அவர்கள் ஒரு செய்திக்காக ஓர் ஆற்றை நீந்தினார்கள். இன்று செய்தி நம்மைத் தேடி நம் சட்டைப் பைக்கே வந்துவிடுகிறது. கைப்பேசியில் வந்ததைக் கண்ணால் முழுதும் படிக்கும் முன்னரே, விரல் அதனை ஐம்பது பேருக்கு அனுப்பிவிடுகிறது. அது எந்நாட்டுப் படம், எந்த ஆண்டின் படம் என்று கேட்பாரில்லை.

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால், அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேராதபடி, அதனைத் தீர விசாரித்துக் கொள்ள வேண்டும் என்று 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் கட்டளையிடுகிறது. அமைதியைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ ஒரு செய்தி எட்டியவுடன் அதனைப் பரப்பிவிடுவோரை 'அந்நிஸா' அத்தியாயம் கண்டிக்கிறது. பொறுப்பும் அறிவும் உடையவர்களிடம் அதனைக் கொண்டுசெல்லாமல் பரப்புவது தவறு என்று உணர்த்துகிறது. கேள்விப்பட்டதையெல்லாம் பிறரிடம் சொல்வதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்பது நபிமொழியின் கருத்தாகும். பொய்யைப் புனைபவன் மட்டுமே பொய்யன் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆராயாமல் சுமந்து செல்பவனையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் நம் நாயகம்!

மறுமையின் விசாரணை ஒருபுறமிருக்க, இம்மையின் விசாரணையும் இதில் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இணையத்தின் வழியாகப் பொய்ச் செய்தியையோ வதந்தியையோ பரப்புவோருக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறையும் ஒரு இலட்சம் திர்ஹம் அபராதமும் விதிக்கப்படலாம். 2017 ஜூன் மாதம் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நாடுகள் கத்தாருடன் உறவை முறித்தபோது, கத்தாருக்கு அனுதாபம் காட்டி எழுதுவதும் பேசுவதும் 15 ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம் என்று அமீரகம் அறிவித்தது. ஊரில் வட்டிக்கு வாங்கி விசாவுக்குக் கொடுத்துச் சென்ற ஓர் இளைஞர், ஆராயாமல் அனுப்பிய ஒரு செய்தியால் சிறைப்பட்டால், அவருடைய குடும்பம் என்னவாகும்? அடுத்தவர் நாட்டில் வசிப்பவர் அந்நாட்டின் சட்டத்தை மதிப்பது, விசா பெறும்போது அவர் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் ஒரு பகுதியாகும். உடன்படிக்கையை நிறைவேற்றுதல் முஃமினின் பண்பன்றோ?

ஒருவன் வெற்றி, மற்றவன் கண்ணீர்

இரண்டாவது உரைகல், நீதியும் இரக்கமும்.

1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கின் படை குவைத்துக்குள் புகுந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததை ஒரே இரவில் இழந்து நின்றவர்களுள் நம்மவர்களும் பலர். கையிலிருந்த குவைத் தினார், ஆக்கிரமிப்பாளரின் ஓர் அறிவிப்பால் மதிப்பிழந்த ஈராக் தினாருக்குச் சமமாக்கப்பட்டது. பேருந்துகளில் ஏறி, பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லையை அடைந்து, பாலைவனக் கூடாரங்களில் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் வரிசையில் நின்றார்கள். அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஓயாது பறந்து, அக்டோபருக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைத் தாயகம் சேர்த்தன. உலக வரலாற்றில் விமானத்தின் மூலம் நடந்த மிகப் பெரிய மீட்புப் பணிகளுள் ஒன்று அது. அதே நெருக்கடியால் எண்ணெய் விலை ஏறியதும், வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்ததும், 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டதற்கான காரணங்களுள் அடங்கும்.

அந்நாட்களில் நம் ஊர்த் தெருக்களில் நடந்த வாதங்களை நடுவயதைக் கடந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வல்லரசை எதிர்த்து நிற்கும் வீரர் என்று சதாமைப் போற்றியவர்கள் உண்டு. அண்டை நாட்டை விழுங்கிய அநீதியாளர் என்று தூற்றியவர்களும் உண்டு. தேநீர்க் கடையில் ஒருவர் வீர முழக்கம் செய்துகொண்டிருக்கையில், அடுத்த வீட்டில் குவைத்திலிருந்த மகனைப் பற்றித் தகவலே இல்லாமல் ஒரு தாய் தஸ்பீஹ் மணியும் கையுமாக அழுதுகொண்டிருந்தாள். அந்த முழக்கம் அவள் செவியில் எப்படி விழுந்திருக்கும்?

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று 'அல்மாயிதா' அத்தியாயம் எச்சரிக்கிறது. வெறுப்புக்குச் சொன்னது விருப்புக்கும் பொருந்தும். நமக்குப் பிடித்த தலைவர் செய்தால் வீரம், பிடிக்காதவர் செய்தால் அக்கிரமம் என்று இரண்டு தராசுகள் வைத்திருப்பது முஸ்லிமுக்கு அழகன்று. காஸாவில் 2023 அக்டோபருக்குப் பின் மடிந்த குழந்தைகளுக்காக நாம் சிந்தும் கண்ணீர் உண்மையானதுதான். அந்தக் கண்ணீர், சூடானிலும் ஏமனிலும் பசியால் வாடும் குழந்தைக்கும் உரியது என்பதை நாம் மறக்கலாகாது. அநீதிக்கு ஆளானவரின் பெயரையும் இனத்தையும் பார்த்துத் துளிர்க்கும் கண்ணீர், நீதியின் கண்ணீராகாது.

ஸலாம் நின்றுபோன அறை

மூன்றாவது உரைகல்லே எல்லாவற்றினும் கடினமானது. விடுமுறையில் ஊர் வந்த அன்பர் ஒருவர், தாம் தங்கியிருந்த அறையில் நடந்ததாகச் சொன்ன நிகழ்ச்சி இது.

வளைகுடா நாடொன்றில் எட்டுப் பேர் தங்கும் அறை. அதில் இருவர் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே மத்ரஸாவில் அலிஃப், பே படித்தவர்கள். 2017இல் கத்தார் விவகாரம் வெடித்தபோது, எந்த நாட்டின் பக்கம் நியாயம் என்று இருவருக்கும் வாதம் மூண்டது. முதல் வாரம் நாடுகளைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் அறிவை மற்றவர் பழித்தார். மூன்றாம் வாரம் ஒருவருடைய தகப்பனாரின் பழைய கடன் ஒன்று எல்லார் முன்னிலையிலும் பேச்சில் இழுக்கப்பட்டது. அன்றோடு ஸலாம் நின்றது. ஒருவர் சமைக்கும் முறை வரும் நாளில் மற்றவர் அந்தச் சஹனில் கை வைப்பதில்லை. ஒரே ஸஃப்பில் தொழுதார்கள். வெளியே வரும்போது வேறு வேறு வாசலில் வந்தார்கள். மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

2020இல் கொரோனா வந்தது. இருவரில் ஒருவரைக் காய்ச்சலோடு அழைத்துச் சென்றார்கள். பத்து நாட்களுக்குப் பிறகு மவுத்துச் செய்திதான் வந்தது. மைய்யித்தைப் பார்க்க அனுமதியில்லை. அடக்கத்துக்கு அறையிலிருந்து எவரும் போக முடியவில்லை. "அவரை அழைத்துச் சென்றபோது நான் என் கட்டிலில் படுத்தபடியே இருந்தேன். எழுந்து ஒரு ஸலாம் சொல்லியிருக்கலாம்" என்று மற்றவர் பலமுறை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

2021 ஜனவரி 5ஆம் நாள், சவூதியின் அல்உலா நகரில் வளைகுடாத் தலைவர்கள் கூடி உறவைப் புதுப்பித்தார்கள். விமானத்தை விட்டிறங்கிய கத்தார் அமீரைச் சவூதிப் பட்டத்து இளவரசர் கட்டித் தழுவிய காட்சியை அறையிலிருந்தவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. எல்லாருடைய கண்களும் அந்த ஒருவர் பக்கம் திரும்பின. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சகோதரர்களே! நாடாள்வோர் பகைத்துக்கொள்வார்கள், தம் நலனுக்கேற்பத் தழுவியும் கொள்வார்கள். அவர்களுக்காக நாம் முறித்துக்கொண்ட உறவை யார் ஒட்டித் தருவார்? பொருந்திக்கொள்ளும்படி கேட்பதற்கு இறந்தவரை யார் எழுப்பித் தருவார்?

ஒரு முஸ்லிம் தம் சகோதரரோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகுமானதன்று. இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்பது நபிகளாரின் போதனை. தம் பக்கம் உண்மை இருந்தும் வீண்வாதத்தைக் கைவிடுபவருக்குச் சுவனத்தில் ஓர் இல்லத்துக்குத் தாம் பொறுப்பேற்பதாகவும் அவர்கள் கூறியிருக்கிறார்கள். உண்மை நம் பக்கம் இருக்கும்போதுதான் வாதத்தை விடுவது கடினம். அதனால்தான் அதற்கு இத்துணைப் பெரிய கூலி.

அப்படியானால் கருத்து வேறுபாடே கூடாதா? அதுவுமன்று. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் யூனுஸ் அஸ்ஸதஃபீ என்ற அறிஞருடன் ஒரு மஸ்அலாவில் வாதிட்டுப் பிரிந்தார்கள். பின்னர் அவரைச் சந்தித்தபோது அவர் கையைப் பற்றிக்கொண்டு, ஒரு பிரச்சினையில் நமக்குள் ஒத்த கருத்து ஏற்படாவிட்டாலும் நாம் சகோதரர்களாகவே இருக்கக்கூடாதா என்னும் பொருள்படக் கேட்டார்கள். மார்க்கச் சட்டத்தில் மலைபோன்ற அறிஞர்களே வேறுபட்டும் கை கோத்து நின்றிருக்க, யாரோ இரு அரசாங்கங்களின் பூசலுக்காக ஒரே சட்டிச் சோறு தின்பவர்கள் முகம் திருப்பிக்கொள்வது முறையாகுமா?

தொலைவும் அருகும்

இன்னொன்றும் கூறவேண்டியுள்ளது. அமெரிக்கத் தேர்தலின் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் அன்பர்கள் சிலர், தாம் கையொப்பமிட்ட வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியாதிருக்கிறார்கள். கடனையும் அதன் தவணையையும் எழுதி வைத்துக்கொள்ளுமாறு சொல்லும் திருவசனமே அருள்மறையின் மிக நீண்ட வசனம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஏட்டில் எழுதிப் பாதுகாக்கும் ஒழுங்கை நம் இறைவன் அவ்வளவு விரிவாகக் கற்பித்திருக்கிறான்.

ஊழியரின் பாஸ்போர்ட்டை முதலாளி பறித்து வைத்துக்கொள்வது சவூதி, கத்தார், அமீரகச் சட்டங்களின்படி தடுக்கப்பட்டது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது. அங்கே பணி முடிந்து திரும்புவோருக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்குப் பிந்திய ஆண்டுகளுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாக உண்டு. இவற்றை அறிந்த ஒருவர், வெள்ளிக்கிழமைப் பேச்சில் அரைமணி நேரம் ஒதுக்கி அறியாதவர்க்கு எடுத்துச் சொன்னால், அது எத்துணைப் பெரிய ஸதகா!

குவைத்திலிருந்து விரட்டப்பட்டோரின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. ஐக்கிய நாடுகள் அவை 1991இல் அமைத்த இழப்பீட்டு ஆணையம், ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து பணம் பெற்று, பாதிக்கப்பட்டோருக்கு வழங்கியது. வெளியேற நேர்ந்த தனிநபருக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர் என்பது அதன் அடிப்படை அளவு. வேறு வகை இழப்பு எதையும் கோருவதில்லை என ஒப்புக்கொண்டவர்க்கு அது 4,000, 8,000 டாலராக இருந்தது. 2022 ஜனவரியில் இறுதித் தவணை செலுத்தப்பட்டபோது, மொத்தம் 52.4 பில்லியன் டாலர் வழங்கப்பட்டிருந்தது. இந்தியத் தொழிலாளர்களும் அதில் பங்கு பெற்றார்கள். அன்று யார் பக்கம் நியாயம் என்று வாதிட்டு வென்றவருக்கு அவ்வெற்றியால் கிடைத்தது ஒன்றுமில்லை. பாஸ்போர்ட்டையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்தியவருக்குத் தம் இழப்பை மெய்ப்பிக்கக் கையில் சான்று இருந்தது.

மூவர் பயணம் சென்றால் ஒருவரை அமீராக்கிக் கொள்ள வேண்டும் என்பது நபிவழி. அறையில் எட்டுப் பேர் ஆண்டுக்கணக்கில் வாழும்போது அது இன்னும் தேவையன்றோ? சாப்பாட்டு மெஸ்ஸின் கணக்குக்கு ஒருவரைப் பொறுப்பாக்குகிறோம். பேச்சின் கணக்குக்கும் ஒருவர் வேண்டாமா? மூத்தவர் ஒருவரை அமீராக ஏற்றுக்கொள்ளுங்கள். "போதும், நிறுத்துங்கள்" என்று அவர் சொன்னால் இரு தரப்பாரும் நிறுத்திவிட வேண்டும் என்று பேசி வையுங்கள். வாதத்தில் எவருடைய குடும்பத்தையும் இழுக்கக்கூடாது என்பதை அறையின் சட்டமாக்குங்கள். யாருக்குக் காய்ச்சல், யாருக்குச் சம்பளம் வரவில்லை, யாருடைய வீட்டிலிருந்து துயரச் செய்தி வந்திருக்கிறது என்று விசாரித்த பிறகே உலகச் செய்திக்குச் செல்லுங்கள். உம்மத்தின் துயரம் தொலைவில் மட்டும் இல்லை. சில வேளைகளில் அது அடுத்த கட்டிலில், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கும்.

வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு சொல். சபரிலிருக்கும் கணவரோ மகனோ பேசும்போது, பணம் வந்ததா, சாமான் வந்ததா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "உங்கள் அறையில் எல்லாரும் சுகமா? எல்லாரோடும் பேச்சுவார்த்தை உண்டா?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பல மாதங்களாக மூடிக் கிடக்கும் ஒரு கதவு அந்தக் கேள்வியால் திறக்கலாம்.

நாவு சிறியது, அதன் கணக்கோ பெரியது. ஊரில் பேசிய பேச்சுக்கு உள்ள கேள்வி, சபரில் பேசிய பேச்சுக்கும் உண்டு. ஆகவே இந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து அறைக்குத் திரும்பும் அன்பர்கள், பேசாது பிரிந்திருக்கும் சகோதரர் எவரேனும் இருந்தால், செய்தியைத் திறப்பதற்கு முன் அவரிடம் சென்று ஸலாம் சொல்லி முஸாஃபஹாச் செய்வார்களாக.

வல்ல நாயன் சபரிலிருக்கும் நம் பிள்ளைகளின் உயிரையும் உழைப்பையும் ஈமானையும் பாதுகாப்பானாக! அவர்கள் வாழும் நாடுகளுக்கு அமைதியை அருள்வானாக! அநீதிக்கு ஆளானோர் அனைவரின் கண்ணீரையும் துடைப்பானாக! நம் உள்ளங்களை ஒன்றிணைத்து, நாவுகளை நன்மைக்கு உரியனவாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.